புத்தூரில் இல்லாத ராஜம்மா

சாட்சி சொல்ல எழுந்து நிற்பவர்களை நான் நம்பியதில்லை. ஆண்டவரின் பிள்ளைகளே, இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களும் என்னை உடனே நம்ப வேண்டாம். கடைசிவரை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். யாராவது மைக்கைப் பிடித்து, "டாக்டர்களே கைவிட்டுவிட்டார்கள்" என்று ஆரம்பித்தால், எந்த டாக்டர், எந்த ஆஸ்பத்திரி, ரிப்போர்ட் எங்கே என்றுதான் என் மனம் கேட்கும். எல்லோரும் ஸ்தோத்திரம் சொல்லிக் கை தட்டும்போது நான் என் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருப்பேன். அப்படிப்பட்ட என்னையே அவர் சாட்சி சொல்ல வைத்திருக்கிறார். அவருக்கும் கொஞ்சம் வேடிக்கை பிடிக்கும் போலிருக்கிறது.

போன மாம்பழ சீசனில், ஜூன் மாத நடுவில், ஒருநாள் காலை குளிக்கும்போது என் இடது மார்பில் ஒரு கட்டி கையில் பட்டது. சோப்பு வழுக்கியதால் முதலில் விட்டுப்போனது. மறுபடி தேடினேன். இருந்தது. புளியங்கொட்டை அளவு. வலி இல்லை. வலி இல்லாததுதான் என்னைப் பயமுறுத்தியது. என் பெரியம்மாவுக்கும் வலி இல்லாமல்தான் ஆரம்பித்தது. அவர் அதை மறைத்து மறைத்து, கடைசியில் மறைக்க முடியாத நிலையில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். திரும்பி வரவில்லை. அந்தக் குளியலறையிலேயே அவர் முகம் எனக்கு ஞாபகம் வந்தது. ஆனால் நான் என்ன செய்தேன்? புடவையைக் கட்டிக்கொண்டு, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். யாரிடமும் மூச்சு விடவில்லை.

எனக்குச் சொந்த ஊர் அரக்கோணம் பக்கம். கல்யாணமாகிச் சித்தூர் வந்து இருபது வருடம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. கணவர் ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் எலக்ட்ரீஷியன். தடாவில் நாலு பேரோடு ஒரு ரூமில் தங்கிக்கொண்டு, சனிக்கிழமை வீட்டுக்கு வருவார், திங்கட்கிழமை விடியற்காலை பஸ் ஏறுவார். நான் சித்தூரில் மாம்பழத்தைப் பல்ப்பாக, அதாவது கூழாக்கி, டின்னில் அடைக்கும் ஒரு யூனிட்டில் லேபில் வேலை செய்கிறேன்.

என் வேலையே சந்தேகப்படுவதுதான். டிராக்டரில் வரும் காய் எப்படி இருக்கிறது, பல்ப்பில் இனிப்பு எவ்வளவு, புளிப்பு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். டின்னில் அடைத்த பிறகும் விட மாட்டோம். ஒவ்வொரு லாட்டிலிருந்தும் சில டின்களை எடுத்து, மஞ்சள் லேபிள் ஒட்டி, சூடாக வைத்திருக்கும் ஒரு அறையில் பத்து நாள் அடுக்கி வைப்போம். யூனிட்டில் அதற்குச் சூட்டு ரூம் என்று பெயர். உள்ளே கிருமி இருந்தால் அந்தச் சூட்டில் டின் உப்பிவிடும். உப்பாவிட்டால் லாட் நல்லது. "முதல் தரம் மேடம், கண்ணை மூடிக்கினு எடுத்துக்கலாம்" என்று காய்க்காரர்கள் சொல்வார்கள். பதினைந்து வருட வேலையில் ஒருநாளும் கண்ணை மூடிக்கொண்டு எதையும் எடுத்ததில்லை. முதலாளிக்கு என்னிடம் பிடித்ததே அதுதான்.

மனிதர்களையும் நான் அப்படித்தான் வைத்துப் பார்த்தேன். பத்து நாள் அல்ல, பத்து வருடம் வைத்துப் பார்ப்பேன். ஆண்டவரையும் விடவில்லை.

நான் பிறந்ததிலிருந்தே இப்படி இல்லை. கல்யாணமான மூன்றாவது வருடம் என் வயிற்றில் ஒரு பிள்ளை தங்கி, நாலாம் மாதம் கலைந்துபோனது. அப்போது நாங்கள் போய்க்கொண்டிருந்த வேறொரு சபையில், பாஸ்டரின் மனைவியிடம் மட்டும் அதைச் சொல்லி அழுதேன். வேறு யாருக்கும் தெரியாது. அடுத்த வாரம் வெளியூரிலிருந்து ஒரு ஊழியக்காரர் வந்தார். பிரசங்கத்தின் நடுவே கண்ணை மூடி, கையைத் தூக்கி, "இந்தக் கூட்டத்திலே நாலாம் மாதத்தில் கர்ப்பம் கலைந்த ஒரு சகோதரி இருக்கிறாள், கர்த்தர் எனக்குக் காட்டுகிறார்" என்றார். சபை முழுவதும் ஆர்ப்பரித்தது. பக்கத்தில் இருந்தவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள், ஏனென்றால் நான் அழுதுவிட்டேன். வெளிப்பாடு வந்த சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்தார்கள். யார் யாருக்குக் காட்டினார்கள் என்பது எனக்கல்லவா தெரியும்!

அன்றோடு என் வாய் அடைத்துப்போனது. மனிதரிடம் மட்டும் அல்ல. முழங்காலில் நின்றால்கூட, "ஆண்டவரே, உமக்கு எல்லாம் தெரியும்" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துக்கொள்வேன். கேட்பவர்களுக்கு அது பெரிய விசுவாசம் போலத் தெரியும். உண்மையில் அது கதவைச் சாத்திக்கொள்வது. அவருக்குத்தான் தெரியுமே, நான் ஏன் வாயைத் திறக்க வேண்டும்? சொன்னால் அவரும் எங்காவது போய்ச் சொல்லிவிடுவாரோ என்கிற சந்தேகம்கூட எனக்கு உள்ளே இருந்தது. சிரிக்காதீர்கள், இருந்தது.

இப்போது போகும் நம் சபை சிறியது, இன்று புதிதாக வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். சித்தூரில் இந்த ஒரு மாடி ஹால்தான். காலையில் தமிழ் ஆராதனை, அது முடிந்ததும் தெலுங்கு ஆராதனை. படியில் இறங்கும் நாம் ஸ்தோத்திரம் சொல்வோம், ஏறும் அவர்கள் வந்தனாலு சொல்வார்கள். இங்கே ஒரு பழக்கம் உண்டு. வாசலில் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கும். ஜெபம் தேவைப்படுபவரின் பெயர், ஊர், குறை மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி அதில் போடலாம். எழுதியவர் பெயர் தேவையில்லை. ஆராதனை முடிந்து போகும்போது ஒவ்வொருவரும் டப்பாவில் கையை விட்டு ஒரு சீட்டை எடுத்துப் போக வேண்டும். யார் கையில் யாருடைய சீட்டு வரும் என்று தெரியாது. எடுத்தவர் அதற்காக ஜெபிக்க வேண்டும். பதில் வரும்வரை வைத்திருக்க வேண்டும். பதில் வந்தால், ஜெபித்தவரே சபை முன்னால் அதைக் கிழித்துப் போடுவார். நான் நாலு வருடமாக அந்த டப்பாவைப் பார்க்கிறேன். ஒரு சீட்டுகூடப் போட்டதில்லை. பாஸ்டர் வீட்டு மாடியில் ராத்திரி அதைத் திறந்து படிக்க மாட்டார்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

ஜூலை முதல் வார உபவாச ஜெபத்துக்குத் திருப்பதியிலிருந்து ஒரு சகோதரி வருகிறார் என்று அறிவித்தார்கள். அவருக்கு வெளிப்பாடு வரம் உண்டு என்றார் பாஸ்டர். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பதினேழு வருடத்துக்கு முன்னால் விழுந்த அடி அப்படியே திரும்பி வலித்தது. இந்தத் தடவை விடக்கூடாது, கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

ஒரு பொய்ச் சீட்டு எழுதி உபவாச ஜெபத்துக்கு முந்தின ஞாயிறே டப்பாவில் போட்டுவிடுவது. அந்தச் சகோதரி மேடையில் நின்று அதே விஷயத்தைக் கர்த்தர் காட்டினார் என்று சொன்னால், அந்த இடத்திலேயே எழுந்து, "அப்படி ஒரு ஆளே இல்லை, அது நான் எழுதிய பொய்" என்று சொல்லிவிடுவது. இதுதான் என் திட்டம். யூனிட்டில் வெறும் தண்ணீரை டின்னில் அடைத்து, புதுப் பையன்கள் ஒழுங்காகச் சோதிக்கிறார்களா என்று பார்ப்பேன். அதே வேலை.

லேபில் உட்கார்ந்து எழுதினேன். கைக்குக் கிடைத்த ஒரு தாளில் எழுதினேன். பெயர் என்ன வைப்பது? ராஜம்மா. ஊர்? புத்தூர். எனக்கு அங்கே யாரையும் தெரியாது, அதனால் புத்தூர். குறை? அந்த இடத்தில் பேனா நின்றது. மூட்டுவலி என்று எழுதலாம், சிறுநீரகக் கல் என்று எழுதலாம். என் கை எழுதியது, "இடது மார்பில் கட்டி." அதோடு நிற்காமல் கீழே இன்னொரு வரியும் எழுதியது. "யாரிடமும் சொல்லவில்லை."

படித்துப் பார்த்தேன். பொறிக்கு நல்ல இரை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்குமேல் யோசிக்க எனக்குத் தைரியம் இல்லை. மடித்துக் கொண்டுபோய், ஞாயிறு எல்லோரும் சீட்டு எடுத்துப் போன பிறகு டப்பாவில் போட்டேன்.

உபவாச ஜெப நாளில் முதல் வரிசையிலேயே போய் உட்கார்ந்தேன். அந்தச் சகோதரி ஒல்லியாக, வாடிய முகத்தோடு இருந்தார். ஒரு மணி நேரம் பேசினார். சோர்ந்துபோகாமல் ஜெபிப்பதைப் பற்றிப் பேசினார். புத்தூரும் இல்லை, ராஜம்மாவும் இல்லை, கட்டியும் இல்லை. ஒரு வெளிப்பாடும் சொல்லாமல் ஜெபித்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போய்விட்டார். நியாயமாக எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். எனக்கு என்ன வந்தது தெரியுமா? நான் பொறி வைத்தது எப்படியோ இவர்களுக்குத் தெரிந்துபோய் உஷாராகிவிட்டார்கள் என்கிற சந்தேகம் வந்தது.

எப்படித் தெரிந்திருக்கும்? என் சந்தேகம் சுகுணா மேல் போய் உட்கார்ந்தது. சுகுணா நம் சபைதான். சீசனில் எங்கள் யூனிட்டிலேயே பழம் பொறுக்கும் மேஜையில் கூலிக்கு வேலை செய்கிறவள். அழுகலைத் தனியாக எடுத்துப் போடும் வேலை. சத்தமாகச் சிரிப்பாள், ஓயாமல் பேசுவாள், பாஸ்டரம்மாவின் சமையலறையில் எப்போதும் இருப்பாள். யூனிட்டில் என்னை மேடம் என்பாள், சபையில் அக்கா என்பாள். வாய் அகலமானவர்களிடம் நான் எப்போதும் நாலடி தள்ளியே நிற்பேன்.

ஒருநாள் மத்தியானம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது அவள் மட்டும் குழாயடியில் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா சுகுணா, துன்னலையா?"

"இல்ல மேடம். மத்தியானம் உபவாசம் இருந்துக்கினு கீறேன்."

"எதுக்கு?"

"ஒருத்தங்களுக்காக," என்றாள். பிறகு என்னையே உற்றுப் பார்த்தாள். "மேடம், புத்தூருல உங்களுக்குச் சொந்தக்காரங்க யாராச்சும் கீறாங்களா?"

நான் குழாயைத் திறந்து கையைக் கழுவ ஆரம்பித்தேன். "இல்லையே. ஏன் கேக்கிற?"

"சும்மாதான் மேடம்."

அவள் சும்மா கேட்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது. பாஸ்டரம்மாதான் இவளை அனுப்பித் துருவச் சொல்லியிருக்கிறார் என்று முடிவு கட்டினேன். அடுத்த ஞாயிறு படிக்கட்டில் அவளும் பாஸ்டரம்மாவும் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் பேச்சு நின்றது. போதாதா எனக்கு? அன்றிலிருந்து அவள் வரும் பக்கமே போவதில்லை. ஆராதனை முடிந்ததும் முதல் ஆளாக இறங்கிவிடுவேன். கணவர் சனிக்கிழமை வந்தால், அவர் என்னைக் கூர்ந்து பார்ப்பது போலத் தோன்றும். "உடம்பு சரியில்லையா?" என்று அவர் சாதாரணமாகக் கேட்டதற்கு, "யார் சொன்னாங்க?" என்று எரிந்து விழுந்தேன். பாவம், அந்த மனிதர் பயந்தே போனார்.

இதற்கு நடுவில் கட்டி தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. தினமும் குளிக்கும்போது தொட்டுப் பார்ப்பேன். ஜூலை கடைசியில் அது கொட்டைப்பாக்கு அளவுக்கு வந்திருந்தது. பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. முழங்காலில் நிற்பேன். "ஆண்டவரே, உமக்கு எல்லாம் தெரியும்." அவ்வளவுதான். எழுந்துவிடுவேன். அவர் என்னைவிட்டு வெகுதூரம் போய்விட்டார் என்று நினைத்தேன். தூரத்தில் நின்றது யார் என்று யோசிக்கவில்லை.

சீசன் முடிய நாலைந்து நாள் இருக்கும்போது, நான் சூட்டு ரூமில் டின்களைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது. சுகுணா நின்றாள். அந்த ரூமுக்குள் லேப் ஆட்களைத் தவிர யாரும் வரக்கூடாது.

"ஏய், இங்க ஏன் வந்த? வெளிய போ."

"ரெண்டு நிமிஷம் மேடம். சீசன் முடிஞ்சா நான் வேற எடத்துக்கு வேலைக்குப் போயிடுவேன். நீங்களும் சபையில என்னக் கண்டா ஓடிடுறீங்க. அதான் வந்தேன்."

ஜாக்கெட்டுக்குள் வைத்திருந்த சின்ன பர்ஸைத் திறந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினாள். மடித்து மடித்து நைந்திருந்தது. மறுபக்கம் திருப்பினாள். மஞ்சள். பாதி கிழிந்த லாட் நம்பர். எங்கள் சாம்பிள் டின்னில் ஒட்டும் லேபிள். ஊருக்கெல்லாம் குறை கண்டுபிடிக்கும் நான், என் பொய்யை எங்கள் லேபிளின் பின்பக்கத்திலேயே எழுதிப் போட்டிருக்கிறேன். எடுத்தவள் தினமும் அந்த லேபிளைப் பார்க்கிறவள்.

"இது நம்ம லேபிள்னு பார்த்ததுமே தெரிஞ்சுது. நம்ம சபையில லேபுல கீறது நீங்க ஒருத்தங்கதான், இத நீங்கதான் எழுதியிருக்கணும். அந்த அம்மா உங்க சொந்தக்காரங்களா இருப்பாங்கன்னு நெனச்சேன். கேட்டா இல்லன்னுட்டீங்க. செவ்வாக்கிழம பாய்லர் ரிப்பேருன்னு லைன் நின்னுச்சே, அன்னிக்கிப் புத்தூருக்குப் போனேன்."

"புத்தூருக்கா? எதுக்கு?"

"எதுக்குன்னு கேக்கிறீங்களே மேடம்! யாருகிட்டயும் சொல்லலன்னு எழுதிக்கீது. சொல்லாம எத்தினி நாளு அந்த அம்மா தனியா பயந்துக்கினு இருப்பாங்க? போயி கூட உக்காந்து பேசலாம், டாக்டருகிட்ட கூட்டிக்கினு போலாம்னுதான்."

நான் டின்னைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"மூணு ராஜம்மா கெடச்சாங்க," என்றாள் அவள். "ஒருத்தங்களுக்குக் காதே கேக்கல. இன்னொருத்தங்க கை ஒடிஞ்சு புத்தூர் கட்டு போட வந்தவங்க, அவுங்க ஊரு வேற. மூணாவது ஒரு பூக்காரம்மா. 'யாருடி நீ, என் மார்பப் பத்திக் கேக்க வந்துட்ட'ன்னு அடிக்கவே வந்துட்டாங்க. ரெண்டு சபையில விசாரிச்சேன், அங்கயும் இல்ல. பாஸ்டரம்மாகிட்ட, பேரு சொல்லாம, புத்தூருல ஒருத்தங்களத் தேடணும்னா எப்பிடின்னு மட்டும் கேட்டேன்." சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது. "மேடம், அந்த அம்மா செத்துட்டாங்களா? செத்திருந்தா சொல்லிடுங்க. தெரியாம நான் சுகம் குடு, சுகம் குடுன்னு கேட்டுக்கினே கீறேன்."

ஒரு மாதம். ஒரு மாதமாக, ஐந்து மணிக்கு எழுந்து நாள் முழுக்க நின்றுகொண்டே பழம் பொறுக்கும் ஒரு பெண், மத்தியானச் சோற்றை விட்டிருக்கிறாள். நான் பொறியில் வைத்த இரைக்காக. நான் அவளை உளவாளி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட வேறு எதுவோ இருந்தது. உலகத்தில் ஒரு ஆள் என் கட்டிக்காகத் தினமும் ஆண்டவரிடம் மன்றாடிக்கொண்டிருந்தது, எனக்கே தெரியாமல்.

"சுகுணா, ராஜம்மான்னு யாரும் இல்ல," என்றேன். "அது நான்தான்."

ஏழு வாரத்துக்குப் பிறகு முதல்முறையாக அதை வாய்விட்டுச் சொன்னேன். எதற்காகப் பொய் எழுதினேன், யாரைப் பிடிக்க எழுதினேன், பழைய சபையில் என்ன நடந்தது, எல்லாம் வரிசை இல்லாமல் கொட்டிவிட்டது. அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். கோபம் வரத்தான் செய்தது. "ஒரு மாசமா வேற பேரச் சொல்லிக்கினு இருந்தேனே!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பரவால்ல. பேரு தப்பா இருந்தா இன்னா, அவருக்கு ஆளு தெரியும்," என்றாள். அந்தச் சூட்டிலேயே என் தலையில் கையை வைத்து, இந்தத் தடவை சரியான பெயரைச் சொல்லி ஜெபித்தாள். அரை நிமிட ஜெபம். வேர்த்துக் கொட்டியது இருவருக்கும்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு இருவரும் திருப்பதி பஸ் ஏறினோம். பூதலப்பட்டு தாண்டியதும் சுகுணா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். வழியெல்லாம் கடைசிக் காய் ஏற்றிய டிராக்டர்கள் எதிரே வந்துகொண்டிருந்தன. வழக்கம்போல, "ஆண்டவரே, உமக்கு எல்லாம் தெரியும்" என்று ஆரம்பித்தேன். அதற்குமேல் அந்த வாக்கியம் எனக்கே பிடிக்கவில்லை. அவருக்குத் தெரிவது வேறு, நான் அவரிடம் சொல்வது வேறு. பாகாலா வருவதற்குள் உதட்டை மட்டும் அசைத்துச் சொன்னேன்:

"ஆண்டவரே, என் இடது மார்பில் கட்டி இருக்கிறது. எனக்குச் சாகப் பயமாக இருக்கிறது. என் பிள்ளை கலைந்ததை ஊரறியச் சொன்னார்களே, அன்று நீர் ஏன் சும்மா இருந்தீர்? அதிலிருந்து உம்மை நான் நம்பவில்லை. நம்புவது போல நடித்தேன். இப்போதும் முழுசாக நம்புகிறேனா என்று தெரியவில்லை. கூட வாரும்."

வானத்திலிருந்து சத்தம் ஒன்றும் வரவில்லை. கண்டக்டர்தான் சந்திரகிரி, சந்திரகிரி என்று கத்தினார். ஆனால் பதினேழு வருடத்துக்குப் பிறகு நான் ஒருவரோடு பேசினேன் என்கிற உணர்வு இருந்தது. அவர் கேட்டுக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்டால் என்னிடம் ரிப்போர்ட் இல்லை.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள், ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். ரிசல்ட் வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். வாசலில் நின்று கணவருக்குப் போன் போட்டேன். அன்று சாயங்காலமே தடாவிலிருந்து வந்துவிட்டார். வீட்டுக்குள் வந்தவர் செருப்பைக் கூடக் கழற்றாமல் நின்றார்.

"ஒன்ற மாசமா பக்கத்துல உக்காந்து சோறு போட்டுக்கினு, ஒரு வார்த்த சொல்லலையே நீ! நான் யாரு உனக்கு?" என்றார். அப்புறம் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். இருபது வருடத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. நானும் உட்கார்ந்துகொண்டேன். அன்றைக்கு நாங்கள் இருவரும் சேர்ந்து ஜெபித்தோம். கலைந்துபோன பிள்ளையைப் பற்றியும் முதல்முறையாகப் பேசினோம்.

அந்த ஒரு வாரம், என்னையே யாரோ சூட்டு ரூமில் அடுக்கி வைத்தது போல இருந்தது. ரிசல்ட் வந்தது. புற்றுநோய்தான். இதை நான் மென்று முழுங்கிச் சொல்ல விரும்பவில்லை. சபையில் சிலர் இந்தச் சாட்சியை வெளியே சொல்லும்போது, சுகுணா ஜெபித்ததும் கட்டி கரைந்துபோனது என்று சொல்வதாகக் கேள்விப்பட்டேன். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். கட்டி கரையவில்லை. டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "ஆரம்ப ஸ்டேஜ்லயே வந்துட்டீங்கம்மா. இன்னும் சில மாசம் மறைச்சிருந்தா எங்களால ஒண்ணும் செய்ய முடியாமப் போயிருக்கும்," என்றார். என் பெரியம்மாவிடம் எந்த டாக்டராலும் சொல்ல முடியாமல்போன வார்த்தையை என்னிடம் சொன்னார். ஆபரேஷன் நடந்தது. அதன்பின் மருந்து ஏற்றினார்கள். தலைமுடி கொட்டியது, வாயெல்லாம் புண், எதைத் தின்றாலும் குமட்டியது. ஒவ்வொரு தடவையும் கணவரோ சுகுணாவோ கூட வந்தார்கள். நான் ஆண்டவரிடம் முணுமுணுத்தேன், சண்டை போட்டேன், சில நாள் நன்றி சொன்னேன். எதுவாக இருந்தாலும் இப்போது அவரிடமே சொல்கிறேன்.

உடம்பு கொஞ்சம் தேறியதும் பாஸ்டரிடம் போய் என் பொறியைப் பற்றிச் சொன்னேன். அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்கார வைத்தார். பிறகு, "அந்தச் சபையில உங்களுக்கு நடந்தது பெரிய தப்பும்மா. உங்ககிட்ட யாரும் மன்னிப்பு கேட்டிருக்க மாட்டாங்க. நான் கேக்கிறேன்," என்றார். திருப்பதிச் சகோதரியிடமும் போனில் பேசினேன். அன்று உங்களுக்கு என்னைப் பற்றி ஒன்றுமே வெளிப்படவில்லையா என்று கேட்டேன். "இல்லம்மா. அன்னிக்கு எனக்கு நல்ல ஜுரம். எப்ப வீட்டுக்குப் போய்ப் படுப்போம்னு இருந்துச்சு," என்றார். அந்தப் பதிலைக் கேட்ட பிறகுதான் அவரை எனக்குப் பிடித்துப்போனது.

என் குணம் முழுக்க மாறிவிட்டது என்று சொன்னால் என் கணவரே சிரிப்பார். இப்போதும் யாராவது சாட்சி சொன்னால் ரிப்போர்ட் எங்கே என்று மனம் கேட்கத்தான் செய்கிறது. டின்களை இப்போதும் பத்து நாள் வைத்துத்தான் பார்க்கிறேன். ஆனால் காலையில் எழுந்ததும், யார் மேல் என்ன சந்தேகம் என்பதைக்கூட அவரிடம் சொல்லிவிடுகிறேன். சொல்லச் சொல்லப் பாதிச் சந்தேகம் எனக்கே சிரிப்பாக இருக்கிறது. இதைக் கேட்கும் உங்களில் யாராவது என்னைப் போல, "அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே" என்று வாயை மூடிக்கொண்டு இருந்தால், உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். அவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். நம்பிக்கை இல்லை என்றால், நம்பிக்கை இல்லை என்றே சொல்லுங்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார், நான் சொல்லிப் பார்த்துவிட்டேன். உடம்பில் ஏதாவது இருந்தால் டாக்டரிடமும் சொல்லுங்கள். தனியாகப் போகப் பயமாக இருந்தால் என்னைக் கூப்பிடுங்கள், நான் பஸ்ஸில் கூட வருகிறேன்.

போன மாதப் பரிசோதனையில், இப்போதைக்கு ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னார். இன்று காலை ஆராதனைக்கு முன்னால் சுகுணாவிடம், "இனிமே அந்தச் சீட்டைக் கிழிச்சிடு" என்றேன். அவள் பர்ஸிலிருந்து எடுத்தாள். கிழிக்கவில்லை.

"இதுல பேரு தப்பா கீதே அக்கா. தப்பான சீட்ட எப்பிடிக் கிழிக்கிறது? சரி பண்ணிக் குடுங்க."

உங்கள் எல்லோர் முன்னாலும் இதோ சரி செய்கிறேன். ராஜம்மா என்பதை அடித்துவிட்டு, ஜெயசீலி என்று எழுதுகிறேன். புத்தூரை அடித்துவிட்டு, சித்தூர். இடது மார்பில் கட்டி என்பது உண்மை, அது இருக்கட்டும். கடைசியில் ஒரு வரி இருக்கிறது, "யாரிடமும் சொல்லவில்லை" என்று. அதையும் அடித்துவிட்டேன். இந்தா சுகுணா, இப்போது கிழி.